பல்லியின் கையெழுத்து

கம்பெனியில் எல்லோரும் அவளைப் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் ஓடும் குழிக்குள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, ஒரு கையால் இரும்புச் சட்டத்தைப் பிடித்து, மறு கையால் ஸ்பானரைத் திருகுகிற அழகைப் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் வைத்த பெயர். முதல் வாரம் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டாவது வாரம் தன் கருவிப்பையின் மேல் அவளே வெள்ளை பெயின்டால் ஒரு பல்லியை வரைந்துகொண்டாள். கிண்டல் செய்தவர்களுக்கு அதோடு சுவாரஸ்யம் போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அதற்கு முன்னால் அவள் அதே கம்பெனி அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தாள். மெக்கானிக்குகள் போனில் சொல்வதை "பார்க்கப்பட்டது, நல்ல நிலையில் உள்ளது" என்று அடித்து, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புவாள். ஒரு நாள், அப்படி அவள் அடித்து அனுப்பிய கட்டடத்தில் லிஃப்டின் கதவு திறந்தது, உள்ளே லிஃப்ட் இல்லை. ஒரு பெரியவர் காலை வைத்துவிட்டார். முதல் மாடி என்பதால் இடுப்பெலும்போடு போயிற்று. விசாரித்துப் பார்த்தால், அந்த மாதம் அந்த லிஃப்டை ஒரு ஈ காக்கை கூடப் போய்ப் பார்க்கவில்லை. அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தாளில் இருந்தது அவள் கையெழுத்து. மறுவாரம் மேனேஜர் முன்னால் போய் நின்று, என்னை மெக்கானிக் வேலைக்கு மாற்றுங்கள் என்றாள். "பொம்பளை குழிக்குள்ள இறங்கறதா?" என்று அவர் சிரித்தார். அவர் சிரித்து முடிக்கிற வரை நின்றாள். இது நடந்து பதினெட்டு வருடம் ஆகிறது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே சட்டம்: கண்ணால் பார்க்காததற்குக் கையெழுத்துப் போட மாட்டாள். ஒவ்வொரு கட்டடத்தின் உச்சியிலும் லிஃப்டின் மோட்டார் இருக்கும் அறையில் ஒரு பதிவேடு தொங்கும். பல்லியின் பக்கங்களைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பதிவேட்டில் தப்பாக எழுதிவிட்டால் கிறுக்கி அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பதும் படிக்கத் தெரிய வேண்டும். மேலே சரியானதை எழுதி, திருத்தியவர் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் நேரில் பார்த்த இன்னொருவரும் போட வேண்டும். இதை அவள் புதிதாக வருகிறவர்களுக்கும் வீட்டில் மகளுக்கும் சொல்லிச் சொல்லி அவர்கள் காதே புளித்துவிட்டது.

கடவுள் விஷயத்திலும் அவளுக்கு அதே சட்டம்தான். பார்க்கவில்லை, அதனால் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான். அதற்காக நம்புகிறவர்களோடு சண்டைக்குப் போனதில்லை. அவள் குடியிருக்கும் கட்டடத்தில் நாலாவது மாடி பேக்கரிக்காரர் ஒரு ஞாயிறும் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அவரும் இவளும் நல்ல சிநேகம். பஸ் ஓட்டுநரான வீட்டுக்காரரும் இந்த விஷயத்தில் இவளைப் போலத்தான். "பெரியவளானதும் நீயே பார்த்து முடிவு பண்ணிக்கோ" என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். மகள் பெரியவளாவதற்குள் அவர் நுரையீரல் கெட்டு, ஏழு மாதம் படுக்கையில் கிடந்து, போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு வருடம் ஆகிறது. மகளுக்கு இப்போது பன்னிரண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தன் வீடு இருக்கும் கட்டடத்திலேயே ஏழாவது மாடி விளக்கை மாற்றிக்கொண்டிருந்தாள் பல்லி. படிக்கட்டில் புஸ் புஸ்ஸென்று மூச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால் மகள். புத்தகப்பையோடு, முகமெல்லாம் வேர்த்து ஊற்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வருகிறாள்.

"என்ன பாப்பா, லிஃப்ட் ஓடலையா?"

"ஓடுது."

"பின்ன?"

"எக்சர்சைஸ்."

எக்சர்சைஸாம்! பள்ளியில் ஓட்டப்பந்தயம் என்றால் வயிற்றுவலி என்று உட்காருகிற பிள்ளை. அதுவும் லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் ஒன்பது மாடியை நடந்து ஏறினால் ஊர் என்ன சொல்லும்? பல்லி ஏணியிலிருந்து இறங்கினாள், மகளோடு மீதி இரண்டு மாடியையும் ஏறினாள், கதவைச் சாத்தினாள், எதிரே உட்கார்ந்தாள். பிடித்தால் விடுகிற ஆளில்லை என்று மகளுக்கும் தெரியும். ஐந்து நிமிடத்தில் அழுகையோடு எல்லாம் வந்துவிட்டது.

தரைத்தளத்து ஹாலில் சனிக்கிழமைகளில் ஒரு பிள்ளைகள் கிளப் நடக்கிறது. விளையாட்டு, பாட்டு, பிஸ்கட், ஜூஸ். நடத்துகிறவள் எப்போதும் மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட ஒரு இளம்பெண், பிள்ளைகளுக்கு மஞ்சச்சட்டை அக்கா. போன சனிக்கிழமை அந்த அக்கா ஒரு செருப்பு டப்பாவில் குட்டி லிஃப்ட் செய்து கொண்டுவந்தாளாம். டப்பா ஒரே ஒரு நூலில் தொங்குகிறது. கீழே சிவப்புக் காகிதத்தில் வெட்டிய நெருப்பு. "இந்த நூலு எப்ப அறும்னு யாருக்காவது தெரியுமா? இன்னிக்கு ராத்திரியே அறுந்தா நீங்க எங்க போவீங்க?" என்று கேட்டுவிட்டு, கத்தரிக்கோலை எடுத்து நறுக்கென்று வெட்டினாளாம். டப்பா நெருப்பில் விழுந்தது. பிள்ளைகள் வீலென்று கத்தினார்கள். அப்புறம் ஆளுக்கொரு அட்டை.

மகள் புத்தகப்பையிலிருந்து அதை எடுத்து நீட்டினாள். "என் இதயத்தை இயேசுவுக்கு ஒப்புக்கொடுக்கிறேன்" என்று அச்சடித்திருந்தது. கீழே மகளின் குண்டு குண்டான கையெழுத்து. பின்பக்கம், "இன்னும் இரட்சிக்கப்படாத என் அன்புக்குரியவர்கள்" என்று ஒரு பட்டியல். அதில் இரண்டே பேர்: அப்பா, அம்மா. அப்பா என்ற சொல்லின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு.

"இத யாரு அடிச்சது?"

"அக்காதான். அப்பா நம்பினாரான்னு கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன். அப்பாவுக்கு நேரம் முடிஞ்சிருச்சு கண்ணு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, அம்மாவையாவது காப்பாத்தலாம்னு சொன்னாங்க. என்னைக் கட்டிப்பிடிச்சு அவங்களும் அழுதாங்கம்மா."

குழிக்குள் மின்சாரம் தூக்கி அடித்தபோதுகூட பல்லிக்கு இப்படி அடி விழவில்லை. செத்துப்போன மனுஷனை எழுப்பி நெருப்பில் தள்ளியிருக்கிறார்கள், அதுவும் அவர் பெற்ற பிள்ளையின் கண்ணெதிரே. கட்டிப்பிடித்து அழுதாளாம், பெரிய பாசம்!

"அம்மா, கீழ ஒரு கோடு இருக்கு பாரு. 'என்னோடு சேர்ந்து ஒப்புக்கொடுப்பவர்.' அதுல நீ போடும்மா. நீ தினமும் குழிக்குள்ள இறங்கறே. கயிறு அறுந்தா நீயும் அங்கதான் போவே. ப்ளீஸ்மா."

"பாக்காததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு உனக்குத் தெரியும்ல?"

"கிளப்புக்குப் போட்டியே! படிக்காமதானே போட்டே!"

உண்மைதான். போன மாதம் நாலாவது மாடியில், லிஃப்டின் கூரை மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது, மகள் ஒரு தாளை நீட்டி சனிக்கிழமை கிளப் என்றாள். பல்லி கிரீஸ் கையோடு வாங்கி ஒரு கிறுக்குக் கிறுக்கிக் கொடுத்துவிட்டாள். பதினெட்டு வருடத்தில் படிக்காமல் போட்ட ஒரே கையெழுத்து. ஊரார் வீட்டு லிஃப்டுக்கெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தவள், பெற்ற மகள் விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டாள்.

புதன்கிழமை டீ குடிக்க வந்த அண்ணன் வேறு மாதிரி யோசனை சொன்னார். "ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன். பிள்ளை நிம்மதியா இருப்பா. உனக்கென்ன குறைஞ்சிடும்?"

"எனக்கு ஒண்ணும் குறையாது. நான் தப்பிச்சிருவேன். அவ அப்பன் நெருப்புலயே கிடப்பான். நான் அதுல கையெழுத்துப் போட்டா, அவர் அங்க எரியறார்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. போடுவேனா?"

அண்ணன் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

வியாழக்கிழமை பல்லி நேரே ஹாலுக்குப் போனாள். மஞ்சச்சட்டை தனியாக உட்கார்ந்து அடுத்த சனிக்கிழமைக்குச் சிவப்புக் காகிதத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். பார்த்தால் நல்ல பெண். பிள்ளைகளின் ஷூ நாடா அவிழ்ந்தால் குனிந்து கட்டிவிடுகிறவள். அதுதான் பல்லிக்கு எரிச்சலைக் கூட்டியது. கெட்டவளாக இருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். பிள்ளைகளை ஏன் பயமுறுத்துகிறாய் என்று கேட்டாள்.

"நான் பயமுறுத்தலக்கா. அன்பாத்தான் எச்சரிக்கிறேன். பக்கத்து வீடு தீப்பிடிச்சா தூங்கறவங்கள நீங்க எழுப்ப மாட்டீங்களா?"

"தீ எங்கன்னு பாத்துட்டு எழுப்புவேன். நீங்க காகிதத்துல வெட்டி வெச்சுட்டு எழுப்பறீங்க. சரி, என்னை எழுப்புங்க. உக்காருங்க, ஒரு மணி நேரம் பேசுங்க, கேக்கறேன். பதிலும் சொல்றேன். பெரியவங்க அத்தனை பேரு மேல இருக்காங்க. ஏன் பன்னெண்டு வயசுப் பொண்ணு?"

மஞ்சச்சட்டை பொய் சொல்லத் தெரியாதவள். "சின்ன வயசுலதான்கா மனசு திறந்திருக்கும்" என்றாள்.

"எங்க தொழில்ல திறந்த கதவுதான் பெரிய ஆபத்து. பக்கத்துல ஆள் நிறுத்தாம திறக்கவே கூடாது. இந்தக் கதவுக்குப் பக்கத்துல நிக்க வேண்டியவ நான். என்கிட்ட சொன்னீங்களா?"

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே." மஞ்சச்சட்டை கோப்பைத் திறந்து காட்டினாள். சின்ன எழுத்தில் "வேதாகமக் கதைகளும் வாழ்வின் பெரிய கேள்விகளும்" என்றிருந்தது. பக்கத்தில் கிரீஸ் பெருவிரல் பளிச்சென்று பதிந்திருந்தது.

"தப்பு என்னோடது. அத நான் ஒத்துக்கறேன்" என்றாள் பல்லி. "நரகம்னு இதுல எங்க போட்டிருக்கு? செத்தவங்க பேரை அடிப்போம்னு எங்க போட்டிருக்கு? மூணு விஷயம் கேக்கறேன். என்ன சொல்லிக் குடுப்பீங்கன்னு பெத்தவங்களுக்குப் பச்சையா எழுதிக் குடுங்க. பிள்ளைங்ககிட்ட கையெழுத்து வாங்காதீங்க. நெருப்பைக் காட்டாதீங்க."

"எங்க தலைமையில ஒத்துக்க மாட்டாங்கக்கா. அட்டைய சனிக்கிழமை சேகரிச்சு அனுப்பணும்."

"அப்ப சனிக்கிழமை பாக்கலாம்."

சொல்லிவிட்டுப் பல்லி சும்மா இருப்பாளா? அன்று சாயங்காலமே கட்டடத்தின் செயலாளரிடம் அனுமதி வாங்கி, இரண்டு லிஃப்டிலும் பெரிய எழுத்தில் ஒரு தாளை ஒட்டினாள். "சனிக்கிழமை கிளப்பில் உங்கள் பிள்ளை கையெழுத்துப் போட்ட அட்டையைப் பார்த்தீர்களா? இரண்டு பக்கத்தையும் படியுங்கள். நானும் படிக்காமல்தான் அனுமதி கொடுத்தேன்." லிஃப்டுக்குள் ஏறினால் மனிதர்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது, சுவரில் இருப்பதைத்தான் படிப்பார்கள். பதினெட்டு வருட அனுபவம் வீண் போகுமா?

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் மகளை மோட்டார் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதற்கும் செயலாளரிடம் எழுதி வாங்கி, மகள் தலையில் ஹெல்மெட்டை வைத்து, மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிய பிறகுதான் கதவைத் திறந்தாள். செயலாளர் அமைதி விரும்பி. இந்த ஒரே வாரத்தில் இவளுக்குப் போட்ட கையெழுத்திலேயே அவர் பாதி இளைத்துவிட்டார்.

"எண்ணு பாப்பா, எத்தனை கயிறு?"

"ஆறு."

"நூலா, இரும்பா?"

"இரும்பு."

"ஒண்ணே ஒண்ணு போதும், லிஃப்டையும் தாங்கும், உள்ள நிக்கற எட்டுப் பேரையும் தாங்கும். மீதி அஞ்சு எதுக்கு? நம்மள மாதிரி பயந்தவங்க யோசிச்சு யோசிச்சுப் போட்டது. சரி, ஆறும் அறுந்துச்சுன்னு வெச்சுக்கோ. அந்தச் சின்னச் சக்கரம் தெரியுதா? அதுக்கு வேற கயிறு. லிஃப்ட் வேகமா இறங்கினா அது சடக்குனு நின்னு, லிஃப்டுக்கு அடியில இருக்கற ஆப்பை இழுத்துவிடும். ஆப்பு ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கும். வருஷா வருஷம் இரும்பு எடையை ஏத்தி நானே அத ஓட்டிப் பாக்கறேன். ஒரு முழம்கூட விழாது."

"யாரு உள்ள இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும். நம்பினவரா, நம்பாதவரா, ஹோம்வொர்க் பண்ணினவளான்னு அது கேக்காது."

மகள் லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கேட்க வேண்டியதை இப்போதுதான் கேட்டாள். "அப்பா எங்கம்மா இருக்கார்?"

பல்லி தரையில் உட்கார்ந்தாள். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"எங்கயும் இல்லடா. முடிஞ்சு போச்சு."

"உனக்கு எப்படித் தெரியும்? அக்காவும்தான் தெரியும்னு சொல்றாங்க."

"அக்கா அங்க இல்ல. நான் இருந்தேன். கடைசி வரைக்கும் அவர் கைய நான்தான் பிடிச்சிட்டிருந்தேன். ஏழு மாசமா மூச்சுக்கு அவர் பட்ட பாடு இருக்கே, அது அன்னிக்குக் காலையில நின்னுச்சு. நெத்திச் சுருக்கம் விட்டுச்சு. இறுக்கிப் பிடிச்ச விரல் தானா லேசாச்சு. வலி போனத நான் பாத்தேன், பாப்பா. அதுக்கு மேல நான் ஒண்ணும் பாக்கல, அக்காவும் பாக்கல. யாரும் பாக்காத நெருப்புல என் வீட்டுக்காரர போடறதுக்கு நான் யாரையும் விட மாட்டேன்."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. வீட்டுக்காரர் போனதிலிருந்து மகள் முன்னால் அவள் அழுதது இதுதான் முதல் தடவை. அழுதாள், அதில் அவளுக்கு வெட்கமும் இல்லை. மகள் ஹெல்மெட்டோடு அவள் தோளில் சாய்ந்தாள், ஹெல்மெட் விளிம்பு கழுத்தில் குத்தியது.

அன்றைக்கும் மகள் படியில்தான் இறங்கினாள். பல்லியும் கூடவே இறங்கினாள். சனிக்கிழமை காலை ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் பொத்தானை அழுத்தியது மகள்தான். கீழே போகிற வரை அம்மாவின் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஹாலில் நிற்க இடமில்லை. பிள்ளைகளைவிடப் பெற்றவர்கள் அதிகம். ஆளாளுக்குக் கையில் அட்டை. செயலாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி, "எல்லாரும் பொறுமையா பேசணும்" என்று நாலு தடவை சொன்னார். பல்லி தன் மூன்று கோரிக்கைகளையும் மறுபடி சொன்னாள், ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. "இவங்க நம்பக் கூடாதுன்னு நான் சொல்லல. என் மக நாளைக்குப் பெரியவளாகி, தானே படிச்சுப் பாத்து நம்பினா அது அவ இஷ்டம். பயம் காட்டி வாங்கின கையெழுத்து செல்லாதுங்கறேன்."

யாரும் எதிர்பார்க்காதபடி பேக்கரிக்காரர் எழுந்தார். "நான் நம்பறவன். எல்லாருக்கும் தெரியும். ஆனா என் மகன் ஒரு வாரமா விளக்கை அணைக்க விடமாட்டேங்கறான். எங்க வீட்டுல இயேசு அன்பானவரு. இந்தச் செருப்பு டப்பாவுல இருக்கறவரு யாருன்னே எனக்குத் தெரியல." ஹாலில் சிரிப்புச் சத்தம், கைதட்டல். மஞ்சச்சட்டை சிரிக்கவில்லை. பேக்கரிக்காரரைப் பார்த்தபடி நின்றவள், மெதுவாக மேசையிலிருந்த சிவப்புக் காகிதத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

அரை மணி நேரத்தில் முடிவாயிற்று. அட்டைகளெல்லாம் பெற்றவர்களிடமே இருக்கும். இனிமேல் ஹால் வேண்டுமென்றால், ஒவ்வொரு வாரமும் என்ன சொல்லப்போகிறார்கள் என்று முன்கூட்டியே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளிடம் கையெழுத்து என்ற பேச்சே கூடாது, நெருப்பைக் காட்டவும் கூடாது. செயலாளர் அதை எழுதினார். பல்லி வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

கூட்டம் கலைகிற நேரத்தில் மகள் தன் அட்டையோடு மஞ்சச்சட்டையிடம் போனாள்.

"அக்கா, அந்தச் சிவப்புப் பேனா தரீங்களா?"

மஞ்சச்சட்டை ஒரு கணம் தயங்கினாள். பிறகு மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். மகள் அட்டையை மேசையில் வைத்தாள். முன்பக்கம் இருந்த தன் கையெழுத்தின் மேல் ஒரே ஒரு கோடு போட்டாள், அடியில் இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி. அட்டையைத் திருப்பினாள். பட்டியலின் தலைப்பு மேல் ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் "என் அன்புக்குரியவர்கள்" என்று மட்டும் எழுதினாள். அடிக்கப்பட்டிருந்த பெயருக்கு மேலே, குண்டு குண்டாக, அப்பா என்று மறுபடி எழுதினாள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"தப்பா இருந்துச்சுக்கா. திருத்திட்டேன்" என்றாள்.

மஞ்சச்சட்டை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அந்தப் பேரை நான் அடிச்சிருக்கக் கூடாது கண்ணு" என்று கம்மிய குரலில் சொன்னாள். மகள் தலையை ஆட்டிவிட்டு, அட்டையையும் பேனாவையும் அம்மாவிடம் கொண்டுவந்தாள்.

"சாட்சி வேணும்மா. நீ நேர்ல இருந்தேல்ல? போடு."

பல்லி சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அட்டையின் இரண்டு பக்கத்தையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தாள். அப்புறம் கையெழுத்துப் போட்டாள்.